பேசும் பேனா: கதை சொல்வதில் சுமார், கதை கேட்பதில் கெட்டி

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு பேசும் பேனா இருக்கிறது. வாங்கிய வாரத்தில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். இரண்டாம் மாதம் எழுதியிருந்தால், யாரும் இந்தப் பக்கமே போகாதீர்கள் என்று எழுதியிருப்பேன். இப்போது கோபமெல்லாம் ஆறிவிட்டது.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவள் மூன்றாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும், சொல்வதெழுதுதலில் அநேகமாகப் பிழை வராது. ஆனால் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். வகுப்பில் வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி வாசிப்பார்கள். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தன் பங்குக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளாம். மற்றவர்கள் வாசித்தது, கதையில் நடந்தது, எதுவும் காதில் விழாது. நடுவில் யாரையாவது டீச்சர் இரண்டு பத்தி வாசிக்கச் சொல்லிவிட்டால் கணக்கு மொத்தமும் குளறுபடி. அப்படிக் கணக்குத் தப்பிய ஒரு நாளில் 'வௌவால்' என்ற சொல்லை 'வெ-ள-வால்' என்று வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம்.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஔகாரத்துக்குப் போடுகிற கடைசிக் குறியும் ளகரமும் அச்சில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அந்தச் சொல்லை ஏற்கெனவே காதில் கேட்டவர்களுக்குத்தான் அது வௌவால். ஆனால் இதை எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லி ஆறுதல் படுத்த முடியுமா? பையைக் கீழே வைத்தவள், இனிமேல் சத்தமாக வாசிக்கவே மாட்டேன் என்றாள். அந்த வாரமே பேனாவுக்கு ஆர்டர் போட்டேன்.

பெட்டியில் பருத்த ஒரு பேனா, பன்னிரண்டு கதைப் புத்தகம், ஓர் எழுத்து அட்டை, சார்ஜ் ஒயர், அப்புறம் அடியில் ஒரு தாளில் ஐம்பது வட்ட ஸ்டிக்கர். அந்தத் தாளை ஏதோ விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடப் போனேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பேனாவின் மூக்கைப் பக்கத்தில் எங்கே வைத்தாலும் அந்த இடத்துக்கு உரிய குரல் வரும். வாக்கியத்தின் மேல் வைத்தால் வாக்கியம், யானைப் படத்தின் மேல் வைத்தால் பிளிறல். பொம்மை உலகில் இது புதிய சங்கதி இல்லை. 2008இல் லீப்ஃபிராக் நிறுவனம் 'டேக்' என்றும், 2010இல் ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் 'டிப்டாய்' என்றும் இதே யோசனையில் பேனாக்களைக் கொண்டுவந்திருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு ஒரு நிறுவனத்துடையது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பக்கம் முழுக்கப் பென்சில் தூள் சிந்தியதுபோல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஒவ்வோர் இடத்திலும் புள்ளிகள் வேறு மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். பேனாவின் மூக்கில் இருக்கிற குட்டிக் கேமரா அந்த அடுக்கை ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு உரிய ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துப் பாடவிடுகிறது.

அதாவது பேனாவுக்கு எழுத்தே தெரியாது. வாங்கும்போது நான் இதை யோசிக்கவில்லை.

முதல் வாரம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். பள்ளி விட்டு வந்ததும் பேனாதான். நான்கைந்து நாளில் பெரியவள் ஒரு புத்தகத்தை மடமடவென்று ஒப்பித்தாள். எனக்குக் கண் கலங்காத குறை. பத்தாவது நாள் யுகேஜி படிக்கிற சின்னவனும் அதே புத்தகத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு 'வாசித்தான்'. புத்தகம் தலைகீழாக இருந்தது. அப்போதுதான் பெரியவளைக் கூர்ந்து கவனித்தேன். பேனாவை வரியின் மேல் வைக்கிறாள், கண் படத்தில் இருக்கிறது. இரண்டு வரி தள்ளி வைத்தால் ஜன்னலைப் பார்க்கிறாள். குரல் காதுக்கு வந்துவிடுகிறதே, கண் எதற்கு வேலை செய்ய வேண்டும்?

எழுத்து அட்டை இன்னும் மோசம். அதில் 'க' என்ற எழுத்தைத் தொட்டால் 'பக்கம்' என்பதில் வருகிற வன்மையான ஒலி மட்டும் வரும். 'மகன்' என்ற சொல்லில் அந்தக் ககரம் இளகிவிடும், 'சங்கு' என்பதில் இன்னொரு மாதிரி அதிரும். பேசத் தெரிந்த குழந்தை இதையெல்லாம் தன் காதை வைத்தே சரிசெய்துகொள்ளும். அட்டையை நம்பிய என் மகள் 'மகன்' என்பதை எழுத்தெழுத்தாகத் தொட்டுவிட்டு, வந்த மூன்று ஒலியையும் சேர்த்து 'மக்கன்' என்றாள். கொம்பு விஷயமும் அப்படித்தான். 'கொ' எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால். கண் இடமிருந்து வலமாகப் போகிறது, வாயோ நடுவில் இருக்கிற எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். 'கொடி' என்பதைக் 'கெ' என்று ஆரம்பித்துவிட்டுக் காலைப் பார்த்ததும் பின்வாங்குகிற குழந்தைகளை எத்தனையோ பார்த்திருப்பீர்கள். பேனா இதற்கெல்லாம் ஒன்றும் செய்யாது. தொட்டால் 'கொ' என்று சொல்லும், அவ்வளவுதான்.

நீளமான சொற்களிலும் இதே கதை. 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரு சொல் வந்தால் இவள் 'பார்த்' வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிடுவாள். பேனாவில் தொட்டால் முழுச்சொல்லும் ஒரே மூச்சில் வந்து விழும். அவளுக்கு வேண்டியது அது இல்லை. ஆள்காட்டி விரலால் வாலை மறைத்து, முதலில் 'பார்த்து', அப்புறம் 'கொண்டு', அப்புறம் 'இருந்தார்கள்' என்று திறந்துகாட்ட ஓர் ஆள் வேண்டும். இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய டீச்சர்தான்.

ஆகவே இரண்டாம் மாதம் பேனா அலமாரி மேலே போய்விட்டது. அந்தக் காசுக்குப் புத்தகமே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் ஒருவர் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொல்லத் தேவையில்லை.

அதைக் கீழே இறக்கியவன் சின்னவன். ஸ்டிக்கர் என்றால் எதிலாவது ஒட்டிவிட வேண்டும் அவனுக்கு. பேனாவில் சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு ஸ்டிக்கரைத் தொட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம். பேசலாம். மறுபடி அழுத்தினால் பதிவு முடிந்தது. அப்புறம் அந்த ஸ்டிக்கரைத் தொடும்போதெல்லாம் நாம் பேசியது கேட்கும். எந்தப் புத்தகத்திலும் ஒட்டிக்கொள்ளலாம். அவன் நாற்காலியில் ஒட்டினான், ஒரு பாட்டைப் பாடிப் பதிந்தான். பெரியவள் அதைப் பிடுங்கி, தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய படக்கதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒன்றை ஒட்டினாள்.

நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாலே வரி. வாசித்தாள், தொட்டுக் கேட்டாள். 'ச்சே' என்றாள். மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை ஒரு சொல் தடுக்கியது, பாதியிலேயே நிறுத்தினாள். மறுபடி. நான் மடிப்பதை விட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழு தடவை. ஐந்தாவது தடவை கேட்டுவிட்டு, 'அம்மா, நான் முற்றுப்புள்ளியில மூச்சே விடல' என்று உள்ளிருந்தபடியே கத்தினாள். மூன்று வருடமாக நான் தலைபாடாக அடித்துக்கொண்ட விஷயம் அது. தன் குரலைத் தானே கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

பிறகு தேடிப் படித்ததில், இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: மீள்வாசிப்பு. ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை வாசிப்புத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 50 முதல் 200 சொல் வரை உள்ள ஒரு சின்னப் பகுதியைக் குழந்தை சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். அந்தப் பகுதி மட்டும் பழகிவிடுவதோடு முடிவதில்லை. அடுத்த புதுப் பகுதியைத் தொடும்போது முதல் வாசிப்பே முன்பைவிட வேகமாக வருகிறது. சரி, ஆனால் 'இன்னொரு தடவை வாசி' என்று நான் சொன்னால் அது தண்டனை. பேனாவுக்காக ஏழு தடவை வாசித்தபோது அவளுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. பேனா உச்சுக் கொட்டாது. முகத்தைச் சுளிக்காது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் குழந்தைகளை நாய்களுக்குக் கதை வாசிக்க வைக்கும் ஒரு திட்டம் தொடங்கினார்கள் என்று படித்தபோது முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நாயும் திருத்தாதே.

நான் திருத்துகிறவள். ஒப்புக்கொள்கிறேன். அவள் வாய் திறக்கும் முன்பே அடுத்த சொல்லை நான் சொல்லிவிடுவேன். பேனா காட்டிய பாடத்துக்குப் பிறகு, இரவில் பதினைந்து நிமிடம் இருவரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கிறோம். தனியாகப் போக வேண்டும் என்று தோன்றினால் என் முழங்கையைத் தட்டுவாள், நான் வாயை மூடிக்கொள்வேன். எங்காவது இடறினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அதற்குள் அவளே சரிசெய்துவிட்டால் சரி, இல்லையென்றால் சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்வேன். ஜோடி வாசிப்பு என்று 1976இல் ரோஜர் மார்கன் என்பவர் எழுதிவைத்த முறை இது. அந்த ஐந்து எண்ணுவதுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டம். எண்பது சதவீதம் நேரம் மூன்றிலேயே வாய் திறந்துவிடுகிறது.

எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகுவதும் இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடக்கிறது. 'வந்துட்டான்' என்று நாள் முழுக்கப் பேசுகிற குழந்தைக்கு 'வந்துவிட்டான்' என்பது பாதி அந்நியம். கண் ஒன்றைப் பார்க்கும், வாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், உடனே 'தப்பு' என்று ஒரு குரல் வரும். அது தப்பில்லை, பொருள் புரிந்து வாசிக்கிறாள் என்பதற்கு அடையாளம். இப்போது அப்படி வாசித்தால் விட்டுவிடுகிறேன்.

மறுபடி பேனாவுக்கு வருவோம். அவள் பதிந்ததையெல்லாம் கேட்க ஓர் ஆள் கிடைத்தான். சின்னவன் ஸ்டிக்கரைத் தொட்டு அக்காவின் குரலில் கதை கேட்பான், 'ஏன் அந்த முயல் அழுவுது?' என்று பேனாவிடமே கேட்பான். பேனா பதில் சொல்லாது. இரண்டு தடவை கேட்டுவிட்டு அக்காவிடம் ஓடுவான். அவளும் பக்கத்தைப் பார்த்து, முன்பக்கம் திருப்பி, காரணத்தைத் தேடிச் சொல்வாள். சில நாளில் அவன் பேனாவை விட்டுவிட்டு நேராக அவளிடமே புத்தகத்தைக் கொண்டுபோக ஆரம்பித்தான்.

பள்ளியில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், மறுநாள் அவளுக்கு வரப்போகிற பத்தியை முதல் நாளே அடையாளம் போட்டுக் கொடுத்துவிடுகிறார். அதைப் பேனாவில் பதிந்து கேட்டுவிட்டுப் போகிறாள். குரல் இன்னும் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. ஆனால் முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவது நின்றுவிட்டது, அதனால் மற்றவர்கள் வாசிக்கிற கதையும் காதில் விழுகிறது. முந்தாநாள் வீட்டுக்கு வந்து, முடிவு சரியில்லை என்று அந்தக் கதையோடு சண்டை போட்டாள்.

குறைகளும் உண்டு. வால்யூம் ஆகக் குறைத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். புதுப் பதிவு பழையதின் மேலேயே விழுந்துவிடும், எச்சரிக்கை எதுவும் கிடையாது. பாட்டி ஒருநாள் மெனக்கெட்டுப் பதிந்து கொடுத்த கதையின் மேல் சின்னவன் தும்மிவைத்திருக்கிறான். இப்போது அந்தப் பக்கத்தைத் தொட்டால் தும்மல்தான். வெற்று ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்குமா என்று நிறுவனத்துக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. கூடவே வந்த பன்னிரண்டு புத்தகத்தில் இரண்டுதான் தேறும், மற்றதெல்லாம் படத்துக்குக் கீழே அறிவுரை.

செல்போனில் குரலைப் பதிய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், செய்தும் பார்த்தேன். பதிந்தது எந்தக் கோப்பு என்று தேடும்போதே வேறு எதையாவது திறந்துவிடுகிறார்கள். ஸ்டிக்கர் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது ஒரு பெரிய சௌகரியம். போனைக் கொடுத்துவிட்டுக் கூடவே உட்கார முடிகிறவர்களுக்குப் பேனா தேவையில்லை.

எழுத்துக்கூட்டவே இன்னும் வராத குழந்தைக்கு இதை வாங்காதீர்கள், மனப்பாடம்தான் வளரும். எழுத்துத் தெரிந்து, வாய் திறக்கக் கூசுகிற குழந்தை என்றால் யோசிக்கலாம். என் கணக்கில் ஐந்துக்கு மூன்று, அந்த மூன்றும் ஸ்டிக்கருக்கு. வாங்குவதாக இருந்தால் எத்தனை கதை, எத்தனை பாட்டு என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். பெட்டியைத் திருப்பி, வெற்று ஸ்டிக்கர் எத்தனை என்று பாருங்கள். எங்களிடம் பதினொன்று மிச்சம் இருக்கிறது. நாற்காலியில் ஒட்டியதை உரிக்க முடிந்தால் பன்னிரண்டு.