காஷ்மீர் அம்ப்ரி ஆப்பிள்: கண்ல பட்டா வாங்கிடுங்க

அக்டோபர்ல ஷோபியான் பக்கம் போறவங்க ரோட்டோரம் அம்ப்ரி இருக்கான்னு கேட்டுப் பாருங்க. காஷ்மீரோட சொந்த ரகம் இது, வெளிய இருந்து வந்த ரெட் டெலிஷியஸ் மாதிரி இல்ல. பாக்க அவ்ளோ பளபளப்பா இருக்காது, வெளிர் மஞ்சள் மேல சிவப்புக் கோடு கோடா ஓடும், ஆனா பைய ரூம்ல வச்சாலே வாசனை தூக்குது! சதை வெள்ளையா மொறுமொறுன்னு, இனிப்பு தூக்கலா புளிப்பு ரொம்பக் கம்மியா, மாவு மாதிரி ஆகாம இருக்கு. எனக்குப் புளிப்பு தான் வேணும்னு சொல்றவங்களுக்கு இது செட் ஆகாது.

கோல்ட் ஸ்டோரேஜ் இல்லாமலே மாசக்கணக்கா தாங்கும், அந்தக் காலத்துல விவசாயிங்க இத விரும்பினதுக்கு அது பெரிய காரணம். அப்புறம் ஏன் கொறஞ்சிடுச்சுன்னா, மரம் காய்க்கவே பல வருஷம் ஆகும், ஸ்கேப்னு இலையிலயும் பழத்துலயும் கரும்புள்ளி விழுற பூஞ்சை நோய் வேற வரும், டெலிஷியஸ் சீக்கிரம் காய்ச்சு காசு குடுத்ததால தோட்டம் தோட்டமா மாத்திட்டாங்க, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ரெண்டையும் கலந்து லால் அம்ப்ரின்னு ஒரு ரகம் உருவாக்கிருக்காங்க, நல்ல சிவப்பு, அதுவும் நல்லா தான் இருக்கு, ஆனா என் நாக்குக்கு பழைய அம்ப்ரி தான்.

விலை கொஞ்சம் கூட. வாங்கும்போது மோந்து பாத்து வாங்குங்க, வாசனை இல்லன்னா அது அம்ப்ரியே இல்ல.