டிரம் ஓரத்தில் பேனா பிஎச் மீட்டர்: வாங்கலாமா?

தண்ணியின் அமிலத்தன்மையை (பிஎச்) அளக்கும் இந்தப் பேனா போன்ற மீட்டரைத் தோல் பதனிடும் இடத்துக்கு வாங்கலாம். தண்ணியில் முக்கும் முனையான எலக்ட்ரோடைத் தனியாக மாற்ற முடிகிற, வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்கிற மாடலாகப் பாருங்கள். 0.1 துல்லியம் போதும்; 0.01க்குக் கூடுதல் காசு தேவையில்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பிஎச் பேப்பரை நம்பியே ஓடும் டிரம்கள் (தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய்கள்) உண்டு. பிக்கிலுக்கு, அதாவது தோலை உப்பும் அமிலமும் கலந்த தண்ணியில் ஓட்டும் கட்டத்துக்கு, பரவாயில்லை. அடுத்து தோலைப் பதனிடும் குரோம் உப்புத் தண்ணியில் நனைத்தால் பேப்பரே நீலப்பச்சை ஆகிவிடும், 3.6ஆ 4.0ஆ என்று பிரிக்கவே முடியாது. குரோம் தோலில் பிடிக்க பிஎச்சை ஏற்றச் சோடா விடும்போது அந்த வித்தியாசம்தான் முக்கியம். கரைத்து, மூன்று நான்கு தவணையாக விடாமல் ஒரே மூச்சில் ஊற்றினால் குரோம் மேலேயே படிந்து தோல் திட்டுத் திட்டாகும்.

மீட்டர் தண்ணியைத்தான் சொல்லும், தோலின் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லாது. பிக்கில் முடிவில் கழுத்துப் பக்கம் தடிப்பான இடத்தை வெட்டி, வெட்டுவாயில், அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் ஒரு சொட்டு விடுங்கள். முழுக்க மஞ்சளானால் அமிலம் இறங்கிவிட்டது. நடுவில் நீலக் கோடு நின்றால் டிரம் இன்னும் ஓட வேண்டும். மேஸ்திரிகள் மீட்டரை நம்புவதற்கு முன்னால் இந்தக் கோட்டைத்தான் நம்புவார்கள். அதனால் முதலில் இதைக் காட்டுங்கள்.

பிறகும் மீட்டரை லேப்பில் பூட்டி வைக்காதீர்கள். "நீங்க சொல்லுங்கண்ணா, இப்ப எவ்வளவு இருக்கும்?" என்று மேஸ்திரியிடம் கேட்டு, அவர் சொன்னதையும் மீட்டர் காட்டியதையும் லாட் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இருபது லாட் வரை வாதமே வேண்டாம். முப்பது வருஷக் கைக்கு மரியாதை கொடுக்காமல் எந்தக் கருவியும் டிரம் பக்கம் நிலைக்காது.

முதலாளியிடம் துல்லியம் பேசிப் பயனில்லை. வழக்கமான முறையில் போட்ட குரோமில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மீதி பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் தண்ணியில். பழைய முறை லாட், மீட்டர் பார்த்து 3.8 முதல் 4.0க்குள் முடித்த லாட், இரண்டின் வடிதண்ணியையும் கண்ணாடி டம்ளரில் அவர் மேஜை மேல் வையுங்கள். நிறமே பேசும்.

கெடுப்பது ஒன்றுதான்: காய்ந்த எலக்ட்ரோடு. ஒரே ஒரு தப்பு ரீடிங் வந்தால் "மிஷின் பொய் சொல்லுது" என்று மூலையில் போய்விடும். தினம் காலையில் பிஎச் 7, 4 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். மூடியில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் கூடாது. கழுவியபின் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். புரதம் அடைத்து ரீடிங் மெதுவானால் பெப்சின் கரைசலில் ஊற வையுங்கள்.

பஃபர் பாட்டில்களையும் ஸ்பேர் எலக்ட்ரோடையும் முதல் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கையெழுத்து விழாது.