0.18 பிட்காயின் போச்சு: புது மிக்ஸர் விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

0.18 பிட்காயின். பிட்காயினின் மிகச் சிறிய அலகான சடோஷியில் சொன்னால் ஒரு கோடியே எண்பது லட்சம். புதிதாகக் கடை விரித்த ஒரு பிட்காயின் மிக்ஸருக்குள் (பலருடைய காயினைக் கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் திருப்பித் தரும் சேவை) போனது, திரும்பி வரவில்லை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே வேறு டொமைனில், வேறு லோகோவோடு அதே ஆள் வந்து நிற்பான். அதனால் அவன் எப்படி வேலை செய்கிறான் என்பதை மட்டும் சொல்கிறேன். அதை வைத்து எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

மிக்ஸர் எதற்கு, கறுப்புப் பணமா என்று கேட்பவர்களுக்கு: பிட்காயின் கணக்குப் புத்தகத்தை ஊரே பார்க்கலாம். வெளிநாட்டு கிளையன்ட் உங்கள் முகவரிக்குக் கூலி அனுப்புகிறான், அதிலிருந்து கொஞ்சத்தை நீங்கள் ஒரு முன்பின் தெரியாத ஆளுக்கு விற்கிறீர்கள். வாங்கியவன் உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் கையில் மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். வங்கிப் பாஸ்புக்கைத் தெருவில் ஒட்ட யாருக்கும் பிடிக்காது. அவ்வளவுதான் தேவை.

இந்தத் தேவைக்கு முன்பு கொஞ்சம் வழிகள் இருந்தன. சிப்மிக்ஸர் என்ற மிக்ஸரை 2023 மார்ச்சில் ஜெர்மன், அமெரிக்க போலீஸ் சேர்ந்து முடக்கின. 1,900-க்கு மேல் பிட்காயின் பறிமுதல். 2024 ஏப்ரலில், காயின் கலக்கும் வசதி கொண்ட சாமுராய் வாலட்டின் நிறுவனர்கள் கைது. அதே வருடம் ஜூன் 1-ல் வசாபி வாலட்டுக்குப் பின்னால் இருந்த நிறுவனம் தன் காயின்ஜாயின் (பலர் சேர்ந்து ஒரே டிரான்ஸாக்ஷனில் காயினைக் கலக்கும் முறை) ஒருங்கிணைப்பை நிறுத்திவிட்டது. இடம் காலியானது. காலியான இடத்தில்தான் இந்த மாதிரி ஆட்கள் பந்தல் போடுகிறார்கள்.

கிரிப்டோ கூட்டம் எதையும் எளிதில் நம்பாது, அது இவனுக்கும் தெரியும். அதனால் "எங்களை நம்புங்கள்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. "நம்பாதீர்கள், சரிபாருங்கள்" என்றுதான் ஆரம்பித்தான். நம் வாயில் வரும் வார்த்தையை அவன் முதலில் சொல்லிவிட்டால் நமக்கு என்ன கேட்பது என்றே தெரியாமல் போகிறது. இணைய மன்றங்களில் பழைய, மதிப்பு உள்ள கணக்குகளுக்கு வாராவாரம் பிட்காயினில் பணம் கொடுத்து விளம்பர வாசகம் போட வைத்தான். அதில் சில கணக்குகள் வருடக்கணக்கில் பேசாமல் கிடந்து திடீரென்று எழுந்தவை. எழுத்து நடை முன்பு ஒன்றாகவும் இப்போது ஒன்றாகவும் இருந்தது. விலைக்கு வாங்கிய கணக்குகள். இலவச சோதனைக் கூப்பன் வாங்கியவர்கள் விமர்சனம் எழுதினார்கள், கூப்பன் தொகை எல்லாருக்கும் கச்சிதமாக வந்து சேர்ந்தது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். காயினைச் செலவு செய்யும் ரகசியச் சாவி யார் கையில்? எல்லாருடைய காயினும் சேரும் குளத்தில் எவ்வளவு காயின் இருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம்? மென்பொருளின் சோர்ஸ் கோடு எங்கே? மூன்றுக்கும் "அருமையான கேள்வி நண்பரே" என்று பதில் வந்தது. விஷயம் வரவில்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் பத்துப் பாராட்டுப் பதிவுகள் மேலே ஏற, கேள்வி கீழே போய்விட்டது.

இப்போது நம்பிக்கை உண்டாக்கிய இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சூட்சுமம் முழுவதும் அங்கேதான். பெரும்பாலான மிக்ஸர்கள் டெபாசிட் முகவரி கொடுக்கும்போது கூடவே ஓர் உத்தரவாதக் கடிதம் தரும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். இந்த முகவரிக்கு நீ அனுப்பு, இந்த ஃபீஸ் கழித்து, இந்த நேரத்துக்குள், உன் இந்த இரண்டு முகவரிகளுக்கு அனுப்புவோம் என்று எழுதி, சேவையின் தலைமை முகவரியின் சாவியால் கையெழுத்திட்டிருக்கும். எலக்ட்ரம் வாலட்டில் டூல்ஸ் மெனுவுக்குள் சைன்/வெரிஃபை மெசேஜ் என்று இருக்கும். அதில் செய்தி, முகவரி, கையெழுத்து மூன்றையும் ஒட்டினால் சரியா தப்பா என்று சொல்லிவிடும். போலித் தளங்கள் பெரும்பாலும் இங்கே மாட்டும், ஏனென்றால் அசல் சாவி அவர்களிடம் இருக்காது. தலைமை முகவரியை அதே தளத்திலிருந்து எடுத்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. முதல் அறிவிப்பில் வந்ததோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டாயிற்று. கையெழுத்து சரி. முதலில் 0.004 அனுப்பியதும் ஃபீஸ் போகச் சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தது. பிறகுதான் 0.18. ஒன்று ஆறு மணி நேரத் தாமதம், இன்னொன்று பத்தொன்பது மணி நேரம் என்று இரண்டு முகவரிகளுக்குப் பிரித்து வாங்கும்படி அமைத்த ஆர்டர். முதல் இரண்டு மாதம் சீட்டுப் பணத்தை டாண் டாண் என்று கொடுத்துவிட்டுப் பிறகு ஷட்டரை இறக்கும் சீட்டுக் கம்பெனி நமக்குத் தெரியாததா? சின்னத் தொகை எல்லாருக்கும் திரும்ப வரும். அதுதான் அவனுக்கு விளம்பரச் செலவு. பெரிய தொகை ஒன்று விழும்போது மட்டும் அந்த ஓர் ஆர்டர் தொலைந்துபோகும். கையெழுத்து சரியாக இருந்தால் இன்னார் சொன்னார் என்றுதான் அர்த்தம். சொன்னபடி செய்வார் என்பதற்கு எந்தக் கணிதமும் கிடையாது.

ஆறு மணி நேரம் தாண்டியது. சப்போர்ட்டில் முதல் பதில்: நெட்வொர்க் நெரிசல், உங்கள் டெபாசிட் இன்னும் உறுதியாகவில்லை. டிரான்ஸாக்ஷனுக்கு முப்பது கன்ஃபர்மேஷனுக்கு (அடுத்தடுத்து பிளாக்குகள் ஏறி வரும் உறுதிப்படுத்தல்) மேல் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டாவது பதில்: முகவரியின் காலக்கெடு முடிந்த பிறகு அனுப்பிவிட்டீர்கள். கடிதத்தில் 24 மணி நேரம் என்று இருக்கிறது, டெபாசிட் முதல் மணி நேரத்திலேயே பிளாக்கில் ஏறிவிட்டது. மூன்றாவது: எங்கள் கொள்கைப்படி பதிவுகளை அழித்துவிட்டோம், உங்கள் ஆர்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவதுதான் உச்சம்: உங்கள் காயினுக்கு ரிஸ்க் ஸ்கோர் அதிகம், பாஸ்போர்ட்டோடு செல்ஃபி அனுப்பி, தொகையில் பத்து சதவீதம் சரிபார்ப்பு டெபாசிட் கட்டினால் விடுவிப்போம்.

அடப்பாவி! பதிவையே அழித்துவிட்டேன் என்றால் ஸ்கோர் எங்கிருந்து வந்தது? அடையாளம் கேட்காமல் இருப்பதற்காகவே நடத்தப்படும் கடையில் பாஸ்போர்ட் எதற்கு? 0.18 போதாதென்று மேலே 0.018 வேறு.

இதற்கு மேல் ஒரு பொறி இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உத்தரவாதக் கடிதம் ஒன்றுதான் கையில் இருக்கும் ரசீது. அதை வெளியிட்டால்தான் குற்றச்சாட்டை யாரும் நம்புவார்கள். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது? டெபாசிட் முகவரி, பணம் வர வேண்டிய உங்கள் புது முகவரிகள், தேதி, நேரம். டெபாசிட் முகவரியிலிருந்து ஒரு படி பின்னால் போனால் உங்கள் பழைய வாலட். எதை மறைக்கக் காசு கொடுத்தோமோ அதை முழுதாக அவிழ்த்துக் காட்டினால்தான் திருடு போனதை நிரூபிக்க முடியும். இது அவனுக்கு நன்றாகவே தெரியும். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் வியாபாரமே நடக்கிறது. திறந்தவனைப் போட்டி மிக்ஸரின் கூலி ஆள் என்று அதே வாடகைக் கணக்குகள் வந்து அடிக்கும்.

பிணைத்தொகை இருக்கிறதே என்பார்கள். அரை பிட்காயினை ஒரு பெரியவரின் பொறுப்பில் வைத்திருக்கிறோம் என்று தொடக்கத்தில் முகவரியோடு காட்டினான். அப்போது இருந்தது. பிறகு ஒருநாள் அது சத்தமில்லாமல் செலவாகியிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. பிணையை முதல் நாள் மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு முறை அனுப்பும் முன்னும் அந்த முகவரியில் காயின் இருக்கிறதா, சாவி யார் யாரிடம் என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் அரை பிட்காயின் பிணை வைத்தவனிடம் ஒரே நேரத்தில் ஐந்து பிட்காயின் டெபாசிட் சேர்ந்தால் ஓடிப்போவதுதானே அவனுக்கு லாபம்?

அந்த 0.18 என்ன ஆனது என்று பிளாக்செயின் என்ற அந்தப் பொதுக் கணக்குப் புத்தகத்தில் பின்தொடர்ந்து பார்த்தால் இன்னும் எரிச்சல். வேறு பதினொரு டெபாசிட்டுகளோடு சேர்த்து ஒரே டிரான்ஸாக்ஷனில் இன்புட்டாக, அதாவது செலவு செய்யும் காயினாக, போட்டிருக்கிறான். ஒன்றாகச் செலவான இன்புட்டுகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று எடுத்துக்கொள்வதுதான் பிளாக்செயின் ஆய்வின் முதல் பாடம். அதாவது பன்னிரண்டு வாடிக்கையாளர்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டான். அங்கிருந்து நேராக, காயினை வாங்கி விற்கும் ஓர் எக்ஸ்சேஞ்ச். சோதனைக்கு வந்த 0.004-ஐப் பின்னால் தொடர்ந்தால் அது ஒரு பெரிய காயினிலிருந்து துண்டு துண்டாக உரித்துக் கொடுத்த சங்கிலி. அந்தப் பெரிய காயின் முந்தைய வாடிக்கையாளர் ஒருவரின் டெபாசிட். கலக்கவே இல்லை! காசையும் எடுத்தான், மறைத்துத் தருகிறேன் என்ற வேலையையும் செய்யவில்லை. (இப்படித் தேடும்போது சொந்த முகவரிகளைப் பொது எக்ஸ்ப்ளோரரில் (டிரான்ஸாக்ஷன் தேடும் இணையதளம்) வெறும் இணைப்பில் போடாதீர்கள். சொந்தக் கணினியில் ஓடும் பிட்காயின் நோடில் பாருங்கள், இல்லாவிட்டால் இணைய முகவரியை மறைக்கும் டோர் வழியாக.)

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

உங்கள் காயினை அவன் முகவரிக்கு அனுப்பச் சொன்னால் அதோடு முடிந்தது, அது இனி அவன் காயின். காயின்ஜாயின் அப்படியல்ல. 2013-ல் கிரெகரி மேக்ஸ்வெல் சொன்ன முறை அது: எல்லாரும் சேர்ந்து ஒரே டிரான்ஸாக்ஷன் கட்டுகிறார்கள், உங்கள் பங்கு அவுட்புட்டில் (காயின் போய்ச் சேரும் பக்கத்தில்) சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே உங்கள் வாலட் கையெழுத்துப் போடும். ஒருங்கிணைப்பாளன் உங்கள் தகவலைக் கசியவிடலாம், காசைத் தொட முடியாது. ஜாயின்மார்க்கெட் இந்த வழிதான்.

2018-லிருந்து இருக்கிறோம் என்று சொன்னால் டொமைன் பதிவான தேதியையும், பொதுவில் கிடைக்கும் சான்றிதழ் பதிவேடுகளில் அந்தத் தளத்தின் முதல் பாதுகாப்புச் சான்றிதழ் (HTTPS) தேதியையும் பாருங்கள். இரண்டே நிமிட வேலை.

சின்னத் தொகை திரும்பி வந்தது ஆதாரம் ஆகாது. பெரிய தொகையை ஒரே ஆர்டராகப் போடாதீர்கள்.

போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண் 1930, இல்லையேல் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல். டிரான்ஸாக்ஷன் எண், கடிதம், சப்போர்ட் பேச்சின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேண்டும். காயின் எக்ஸ்சேஞ்சில் விழுந்திருந்தால் போலீஸ் கடிதத்துக்குத்தான் அங்கே மதிப்பு, நம் மெயிலுக்கு ஆட்டோ ரிப்ளைதான்.

0.18 தொலைந்தது என்று எங்காவது எழுதிய மறு நிமிடமே "மீட்டுத் தருகிறேன்" என்று இன்பாக்ஸில் ஆட்கள் வருவார்கள். முன்பணம் கேட்பார்கள், வாலட்டையே திறந்துவிடும் பன்னிரண்டு வார்த்தை சீடு கேட்பார்கள். பிளாக் செய்யுங்கள். பாதிப்பேர் அதே கும்பல்தான்.