அலுமினிய கிரிப்பர் பிளேட்டில் ஹெலிகாயில்: சில வருட அனுபவம்

கோயம்புத்தூர் கணபதி பக்கம் எங்கள் பட்டறையில் பம்ப் பாடிகளை சி.என்.சி. மெஷினில் ஏற்றி இறக்க ஒரு ரோபோ நிற்கிறது. அதன் கையில் மாட்டும் கிரிப்பரின் (பொருளைப் பிடிக்கும் பாகம்) அடாப்டர், பிளேட், விரல்கள் எல்லாம் 6061-டி6 என்ற அலுமினியக் கலவை. ரோபோவின் தூக்கும் எடைக் கணக்கில் கிரிப்பரின் எடையும் சேரும் என்பதால் இரும்பைப் பற்றி யோசிக்கவே முடியாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அலுமினியத்தில் அடித்த மரை தாங்குமா?

இழுப்புக்குத் தாங்கும். அடிக்கடி கழற்றி மாட்டினால்தான் தாங்காது. அதற்குத்தான் துளைக்குள் போடும் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள்.

எம்6 (6 மி.மீ.), உயர் வலிமையுள்ள 12.9 கிரேடு ஆலன் போல்ட் அறுபட சுமார் 24 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன் இழுப்பு வேண்டும். போல்ட் 9 முதல் 12 மி.மீ. வரை உள்ளே பிடித்திருந்தால் 6061-டி6 அதற்கு ஈடுகொடுக்கும். அதற்கு மேல் ஆழமாக டேப் (மரை வெட்டும் கருவி) அடித்துப் பெரிய லாபமில்லை. துளையின் வாய்ப்பக்கம் இருக்கிற முதல் சில மரைகளே பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கின்றன.

தொந்தரவு விரல்களை மாற்றுகிற இடத்தில்தான். மாடல் மாறும்போதெல்லாம் விரலைக் கழற்ற வேண்டும். கொஞ்ச காலத்தில் போல்ட்டைக் கழற்றினால் அதன் மரைக்குள் வெள்ளியாக ஒரு மெல்லிய சுருள் ஒட்டிக்கொண்டு வரும். அது உரிந்து வந்த அலுமினிய மரை. போதாததற்கு, "இன்னும் கால் சுத்து வெச்சுட்டேனுங்ணா" என்று பெருமையாகச் சொல்லும் ஆபரேட்டர் தம்பி. அந்தக் கால் சுற்றுதான் எமன். 10 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சை (குறித்த இறுக்கம் வந்ததும் காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கொடுத்த பிறகுதான் நிம்மதி.

விரல் மாட்டும் துளைகளில் மட்டும் ஹெலிகாயில் போட்டோம். இது வைர வடிவக் குறுக்குவெட்டுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள். எம்6-க்கு 6.3 மி.மீ. டிரில், அதற்கென்றே உள்ள தனி டேப். சுருளின் வெளி மரை கிட்டத்தட்ட 7.3 மி.மீ. வருவதால் அலுமினியத்தில் பிடிக்கும் பரப்பும் கூடுகிறது. போல்ட் உரசுவது ஸ்டெயின்லெஸ்ஸில். அலுமினியம் அசையாமல் கிடக்கிறது. போட்ட பிறகு அந்தத் துளைகளில் ஒரு மரைகூட உரியவில்லை. பிளேட் விலையோடு பார்த்தால் சுருளின் செலவு ஒன்றுமே இல்லை.

குறைகளும் உண்டு. சுருளைத் திருகி இறக்குவதற்காக அதன் அடியில் இருக்கும் வாலை உடைத்து எடுக்க வேண்டும். அடிப்பக்கம் மூடிய துளையில் அது உள்ளே விழுந்தால் காந்தத்தை நம்பாதீர்கள், ஸ்டெயின்லெஸ் சரியாக ஒட்டாது. கம்பி நுனியில் கிரீஸ் தடவி எடுப்பதுதான் வழி. வால் உள்ளேயே கிடந்தால் போல்ட் அதில் முட்டி நிற்கும், டைட் ஆன மாதிரி கை சொல்லும், பிளேட் ஆடும். இன்னொன்று, லோக்டைட் என்ற மரைப் பசை. தாராளமாக விட்டால் சுருளும் போல்ட்டும் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது சுருளும் சேர்ந்து வந்துவிடும். அதிர்வுக்குப் பயந்தால், போல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் வகைச் சுருள் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கூலன்ட் படும் இடத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவும் சாக்கில் நாங்கள் அதையும் துடைத்துவிடுகிறோம்.

ஒரு முறை மாட்டினால் அப்படியே இருக்கும் போல்ட்களுக்கு இதெல்லாம் வேண்டாம். நேரடி மரையே போதும், தலைக்கு அடியில் கெட்டியான வாசர் மட்டும் போடுங்கள். விளிம்பை ஒட்டிய துளையிலும் ஹெலிகாயில் வேண்டாம், சுவர் மெலிந்துவிடும். ரோபோ சட்டென்று நிற்கும்போது வரும் பக்கவாட்டு உதையைப் போல்ட் மரையின் தலையில் கட்டாமல் இரண்டு டவல் பின்னிடம் (பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் முளை) விட்டுவிட வேண்டும்.

அப்புறம், ரோபோவின் பிளாஞ்ச், அதாவது கிரிப்பரை மாட்டும் மணிக்கட்டு முகம். எங்களுடையது ஐ.எஸ்.ஓ. 9409-1 அளவு: 50 மி.மீ. வட்டத்தில் நான்கு எம்6 துளைகள். அதன் மரை ஆழம் குறைவு. மேனுவலில் எவ்வளவு என்று பார்த்து, பிளேட் தடிமனைக் கூட்டி, அதற்கேற்ற நீளத்தில் போல்ட் வாங்குங்கள். பிளேட்டில் மரை போனால் புதுசு போட்டுக்கொள்ளலாம். பிளாஞ்சில் போனால் ரோபோவின் மணிக்கட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.