சிவப்பு அட்டை: வாசக்கதவுக்குச் சரி, காருக்கு இல்ல

ஆர்லாண்டோவுல இருக்கேன், எச்-1பி வேலை விசால. ஃபுளோரிடா நெடுஞ்சாலைப் போலீஸ் 2025-ல 287(ஜி)ங்கற, மாநில, உள்ளூர் போலீஸுக்குக் குடியேற்றச் சட்ட அதிகாரம் தர்ற ஒப்பந்தத்துல சேர்ந்ததுல இருந்து எங்க வாட்ஸப் குரூப்ல ஒரே பாட்டு: "சிவப்பு அட்டை வாங்கி கார்ல வை." குடியேற்ற அதிகாரிங்க வந்தா, நம்ம உரிமையச் சொல்லி நீட்டற அட்டை அது. இந்த ஒப்பந்தப்படி பயிற்சி எடுத்த போலீஸ்காரர், வேகமாப் போனீங்கன்னு வண்டிய ஓரங்கட்டச் சொன்னாலும், அப்படியே குடியேற்ற விவரத்தையும் விசாரிக்கலாம். பயந்து போய் ஆன்லைன்ல அஞ்சு அட்டை, 12 டாலர் குடுத்து வாங்கினேன்.

பிளாஸ்டிக் கெட்டி, எழுத்து தெளிவு. ஆனா ரெண்டு பக்கமும் ஆங்கிலம்னு கேட்டேன், ஒரு பக்கம் ஸ்பானிஷோட வந்துச்சு. மாத்தித் தரச் சொல்லி மெயில் போட்டு மூணு வாரமாச்சு, பதில் இல்ல. ஐ.எல்.ஆர்.சி.ங்கற குடியேறிகளுக்கான சட்ட உதவி அமைப்போட தளத்துல இதே அட்டைய இலவசமாவே பிரிண்ட் எடுத்துக்கலாம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது!

காசு போனாப் போகுது. அட்டைல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிங்க. "உங்க கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன், எந்த ஆவணமும் தர மாட்டேன், நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரன்ட் இருந்தா கதவுக்கு அடியில தள்ளுங்க." கார்ல ஏதுங்க கதவுக்கு அடி? ஸ்டியரிங் பிடிச்சவர் லைசன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் காட்டியே ஆகணும். அதுக்கு மேல, குடியுரிமை இல்லாத 18 வயசு தாண்டினவங்க பதிவு ஆவணத்தைக் கூடவே வெச்சிருக்கணும்னு சட்டம். நமக்கு அது ஐ-94, அதாவது நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு. அதை வெச்சுக்கிட்டு இந்த அட்டைய நீட்டினா, இல்லாத சந்தேகத்தை நாமளே கிளப்பின மாதிரி.

போன மாசம் பிரேக் லைட் எரியலன்னு என்னை நிறுத்தினாங்க. பக்கத்து சீட்ல விசிட்டர் விசால வந்திருக்கற அப்பா. "அந்தச் சிவப்பு ரேஷன் கார்டை எடுக்கட்டாப்பா?"ன்னார். "சும்மா இருங்கப்பா"ன்னு லைசன்ஸை நீட்டினேன். எச்சரிக்கைச் சீட்டோட பத்து நிமிஷத்துல விட்டுட்டாங்க.

அட்டைல இல்லாத ஒண்ணு காருக்குத்தான் ரொம்ப உதவும்: டிராஃபிக் டிக்கெட் வேலை முடிஞ்சப்புறம், தகுந்த சந்தேகம் இல்லாம போலீஸ் நம்மள நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு 2015-ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரோட்ரிகஸ் வழக்குல சொல்லிருக்கு. "நான் கிளம்பலாமா?"ன்னு பணிவாக் கேட்கப் பழகிக்கோங்க.

கடைக்கு ஒரு ஸ்டார், அட்டைக்கு மூணு. ஒண்ணு இப்ப வாசக்கதவு பக்கத்துல, செருப்பு ஸ்டாண்டு மேல தொங்குது. கார்ல எங்க ஐ-94 பிரிண்டும் அப்பா பாஸ்போர்ட் நகலும்தான்.