தாராவிக் குழந்தைக்கு எது மேல்: குலுக்கல் இடமா, மாநகராட்சிப் பள்ளியா?

தனியார் பள்ளியில் கட்டணமில்லா இடம் என்றால் யாருக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தருகிறது. யாருக்கு இடம் என்பது குலுக்கலில் முடிவாகும். ஆனால் மும்பையின் தாராவித் தமிழருக்குச் சிக்கல் குலுக்கலுக்கு முன்பே, காகிதத்தில் தொடங்கிவிடுகிறது.

பட்டியல் சாதிக் குழந்தைக்கு மகாராஷ்டிரத்தில் வருமான வரம்பு கிடையாது. சாதிச் சான்றிதழ் வாங்கத்தான், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கு குடியிருந்ததைக் காட்ட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்த தாத்தா எந்தக் காகிதத்தை விட்டுப்போனார்? வருமான விலக்கு இல்லாதவர்கள் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்று தாசில்தாரிடம் சான்று வாங்க வேண்டும். மாதம் எட்டாயிரத்துச் சொச்சத்தில் மும்பையில் குடும்பம் நடத்துவதை அந்த வரம்பை வகுத்தவர்கள்தான் செய்து காட்ட வேண்டும்.

இடம் கிடைத்தாலும், அரசு பள்ளிக்கு ஈடுகட்டுவது ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 17,670 ரூபாய். அதுவும் நிலுவையில் கிடப்பதால், இந்தக் குழந்தைகளைச் சுமையாகப் பார்க்கும் நிர்வாகங்கள் உண்டு. வேன் செலவு பெற்றோர் தலையில். எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம்.

மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கைக்கு இந்த அலைச்சல் இல்லை. சீருடை, காலணி, நோட்டு என 27 வகைப் பொருள்கள் இலவசம். மதிய உணவும் உண்டு. டெண்டர் இழுத்தடித்தால் சீருடை பள்ளி திறந்து வெகுநாள் கழித்து வரும், அது வேறு கதை. தமிழ் வழியும் உண்டு. ஆனால் தமிழில் உயர்நிலை வகுப்புகள் மிகக் குறைவு; பிள்ளை வளர்ந்தபின் மொழி மாற வேண்டியிருக்கும். மாநகராட்சியே நடத்தும் சிபிஎஸ்இ பள்ளிகளிலும் குலுக்கல்தான்.

என் கணக்கில், ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்துக்கு இப்போதே சேமிக்க முடிகிற வீட்டுக்கு மட்டும் தனியார் இடம். மற்றவர்களுக்கு மாநகராட்சியின் சிபிஎஸ்இ முதலில், அடுத்து அதன் தமிழ் வழி.

எதற்கு விண்ணப்பித்தாலும் ஜூனில் மாநகராட்சிப் பள்ளியில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். 2024-இல் அரசுப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தனியார் பள்ளிகளுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து விலக்களித்த மாநில அரசின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ஜூலை 19 அன்று ரத்து செய்த பிறகுதான் குலுக்கல் முடிவே வெளியானது. அதற்குள் பள்ளி திறந்து ஒரு மாதம் ஓடிவிட்டது.