ஒரே நடுகல் பதிவு, இரண்டு சங்கிலி: ஹைவில் பல வருட அனுபவம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகற்களைப் பற்றி நான் எழுதிய பழைய பதிவுகள் இன்று ஸ்டீமிலும் இருக்கின்றன, ஹைவிலும் இருக்கின்றன. இரண்டும் பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டுச் சங்கிலியில், ஓடும் சமூக வலைத்தளங்கள். பதிவுக்கு ஓட்டு விழுந்தால் கிரிப்டோ நாணயம் வெகுமதியாகக் கிடைக்கும். நான் இரண்டு தடவை போடவில்லை. 2020 பிப்ரவரியில் ட்ரான் என்ற வேறொரு சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமைத் தொடங்கிய ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். அடுத்த மாதமே சங்கிலி யார் கையில் என்று சண்டை வந்துவிட்டது. நாணயம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சுகளில் பயனர்கள் போட்டு வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே சன் பக்கம் ஓட்டுப் போட்டு, பிளாக்கை (சங்கிலியில் சேரும் அடுத்த தொகுப்பை) உருவாக்கும் விட்னஸ்களை மாற்றினார்கள். மார்ச் 20 அன்று ஒரு கூட்டம் பிரிந்து போய் ஹைவைத் தொடங்கியது. அதுவரை இருந்த கணக்கு, பதிவு, பின்னூட்டம் எல்லாம் அப்படியே நகலாகி வந்தன.

நான் ஹைவ் பக்கம் வந்துவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம், எழுத காசு கேட்காதது. பதிவு, பின்னூட்டம், ஓட்டு எதற்கும் கட்டணம் கிடையாது. கணக்கில் பூட்டி வைத்த ஹைவ் நாணயத்துக்கு (ஹைவ் பவர்) ஏற்றபடி ரிசோர்ஸ் கிரெடிட் என்ற பயன்பாட்டு அளவு கிடைக்கும். எழுத எழுதக் குறையும், சும்மா விட்டால் ஐந்து நாளில் நிரம்பிவிடும். மூன்று நொடிக்கு ஒரு பிளாக் என்பதால் காத்திருக்கவும் வேண்டாம். அஞ்செட்டிப் பக்கம் சிக்னல் ஒரு கோடு காட்டும்போதுகூடப் பதிவு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஹைவில் படிக்க, எழுத உதவும் பீக்டி தளம் பிடிக்கவில்லையா, ஈசன்சி என்ற இன்னொரு தளத்தில் அதே போஸ்டிங் கீயை, அதாவது பதிவு போடக் கடவுச்சொல் மாதிரி இருக்கும் சாவியை, போட்டால் என் பதிவும் என்னைப் பின்தொடர்பவர்களும் அங்கேயும் இருப்பார்கள். இவ்வளவு சுதந்திரம் வேறு எந்தச் சமூக வலைத்தளத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

என்னை விடாமல் உறுத்துவது வேறு. வயல் வரப்பில் பாதி புதைந்து கிடந்த ஒரு நடுகல்லைப் பற்றி எழுதியிருந்தேன். மாடு மீட்கப் போய் இறந்த வீரனின் கல். வட்டெழுத்தில் மூன்றாவது வரியில் ஊர்ப்பெயர் தேய்ந்து போயிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பிரிவுக்குப் பிறகும் ஸ்டீமிலேயே இருந்தவர், தன் வாசிப்பை அங்கே பின்னூட்டமாக எழுதினார். கல்லில் சாய்வாக வெளிச்சம் விழும்படி எடுத்த படத்தோடு இன்னொருவர் ஹைவில் வேறு வாசிப்பைச் சொன்னார். ஒரே கல், ஒரே பதிவு. ஆனால் இவர் எழுதியது அவருக்குத் தெரியாது, அவர் எழுதியது இவருக்குத் தெரியாது. நான்தான் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தேன். இருவரும் நேரில் பேசியிருந்தால் அந்தப் பெயர் அன்றைக்கே தெளிவாகியிருக்கும் என்று இப்போதும் ஆதங்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு சங்கிலியும் தனக்கென்று ஒரு ஊரைக் கட்டினால் இதுதான் நடக்கும். லென்ஸ் என்ற சமூக வலைத்தளம் 2022இல் பாலிகான் சங்கிலியில் தொடங்கியது, 2025இல் தன் சொந்தச் சங்கிலிக்குப் போய்விட்டது. ஃபார்காஸ்டர் என்ற இன்னொரு வலைத்தளத்தின் கணக்குப் பதிவேடு ஆப்டிமிசம் சங்கிலியில் இருக்கிறது. ஃபிரெண்ட்.டெக் 2023இல் பேஸ் சங்கிலியில் வந்தது, ஒரே வருடத்தில் ஓய்ந்தது. ஹைவில் என்னைப் பின்தொடர்பவர் இவை எதிலும் தானாக என் பின்னால் வரமாட்டார். பணத்தையாவது பிரிட்ஜ் என்ற இணைப்புச் சேவை வழியாகச் சங்கிலி விட்டுச் சங்கிலி மாற்றலாம், ஆளை மாற்ற முடியாது.

போட்டிச் சங்கிலிகளுக்கு நடுவில் இந்தச் சமூக வலைத்தளங்கள் தழைக்குமா என்றால், ஃபார்காஸ்டர் போன வழியில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. யார் யாரைப் பின்தொடர்கிறார்கள், யார் என்ன எழுதினார்கள் என்பதை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பணத்துக்கு மட்டும் எத்தீரியம், பேஸ், சொலானா என்று எந்தச் சங்கிலியின் வாலட்டை (நாணயப் பையை) வேண்டுமானாலும் சேர்த்துக்கொள் என்கிறார்கள். சங்கிலிகள் பணத்தில் போட்டி போடட்டும், கட்டணம் குறையும், நமக்கு நல்லது. உறவில் போட்டி போட்டால் பேச்சு அறுந்து போகிறது. இது எனக்கு அனுபவத்தில் தெரிந்தது.

காவேரிப்பட்டணத்தில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் தம்பி ஒருவர், “அண்ணா, ஒட்டுக் கட்டுறதைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன், ஹைவ்லயே கணக்குத் தொடங்கட்டுமா?” என்று கேட்டார். இவ்வளவு மெச்சிய பிறகும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் பதிவுக்குப் பின்னூட்டம் போட வேண்டியவர்கள் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கும் விவசாயிகள். அவர்களைக் கீயை எழுதி வைத்துக்கொள், தொலைத்தால் புதிதாகக் கொடுக்க அலுவலகம் எதுவும் இல்லை என்று சொல்லிக் கூட்டிவர முடியாது. ஹைவில் வெகுமதியும் முதல் ஏழு நாள் ஓட்டுக்குத்தான். மாங்கன்றுப் பதிவைச் சீசன் வரும்போதுதான் தேடிப் படிப்பார்கள். கிடைக்கும் நாணயத்தை விற்று லாபம் வந்தால் 30 சதவீத வரி இருக்கிறது, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் இருக்கிறது.

நான் ஹைவை விடப்போவதில்லை. அந்த ஆசிரியரின் பின்னூட்டத்தை அவர் அனுமதியோடு ஹைவ் பதிவுக்குக் கீழே அவர் பெயரிலேயே எடுத்துப் போட்டிருக்கிறேன். படம் போட்டவர் அதற்குப் பதில் எழுதியிருக்கிறார். அதை ஸ்டீமுக்கு நான்தான் கொண்டுபோக வேண்டும்.